கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்கள் கலைக்கூடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வீட்டுக்குள் தமிழும் ரேஷன் கார்டில் மலையாளமுமாக வாழ்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, வாயனசாலை என்று இங்கே சொல்கிற நூலகத்தின் மாடியில் பத்திருபது பெண்கள் கூடுகிறோம். வரைகிறோம், தைக்கிறோம், பாடுகிறோம், நடிக்கிறோம். பஸ் ஸ்டாப்பிலும் தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) நடக்கும் இடத்திலும் நிறுத்திக் கேட்கிறவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, முடிந்தவரை, கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

இது தையல் கிளாஸா, டிராயிங் கிளாஸா? முடித்தால் சர்ட்டிபிகேட் உண்டா?

சர்ட்டிபிகேட் கிடையாது. தையல் வகுப்பில் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுப்பார்கள். அது பிழைப்புக்கு உதவும், நல்லதுதான். இங்கே நடப்பது வேறு. இதைப் பெண்ணியக் கலைக்கல்வி என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த மட்டில் அதன் பொருள் இதுதான்: பாடம் வெளியிலிருந்து வராது, வகுப்புக்கு வருகிறவளின் ஒரு நாள்தான் பாடம். அவள் கூலி, அவள் அடுப்படி, அவள் உடம்பு, அவள் பயம், அவள் சிரிப்பு. முதலில் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறோம். அப்புறம் அது கோடாகவோ துணியாகவோ பாட்டாகவோ ஆகிறது. அதன் பிறகு அதை நாலு பேர் முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

பெண்ணியம் என்றால் ஆம்பளைகளைத் திட்டுவதுதானே?

திட்டுவதற்கு மாடி ஏற வேண்டியதில்லைங்க. துணி துவைக்கிற கல்லுப் பக்கமே அதைச் செய்துகொள்ளலாம், காலங்காலமாகச் செய்துகொண்டும் இருக்கிறோம்.

எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. நான் வந்து என்ன செய்வேன்?

எல்லோரும் சொல்கிற முதல் வாக்கியம் இதுதான். "வரையறதெல்லாம் நமக்கு வராதுங்க்கா" என்று சொன்ன ஒருத்தியிடம், காலையில் வாசலில் என்ன போட்டாய் என்று கேட்டேன். பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்தினேன் என்றாள். இடுப்பை வளைத்து, அளவுகோல் இல்லாமல், அழிக்க ரப்பர் இல்லாமல், ஒரே இழுப்பில் சிக்குக் கோலத்தை முடிக்கிறவளுக்கு வரையத் தெரியாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சாணி தெளித்த வாசலில் போட்டதை ஒன்பது மணிக்குள் மிதித்துவிடுகிறார்கள். காகிதத்தில் போட்டதைச் சட்டம் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். கை ஒன்றுதான்.

முதல் நாள் ஒரு பயிற்சி வைக்கிறோம். உங்கள் வீட்டின் தரைப்படத்தைக் கோலப்பொடியால் போடுங்கள். திண்ணை, ஆசாரம் என்கிற கூடம், அடுப்படி, மாட்டுக்கொட்டகை, குளியலறை. இப்போது வீட்டில் உங்களுக்கென்று இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அவ்வளவுதான். மாமனாருக்குத் திண்ணை, வீட்டுக்காரருக்கு டிவி முன்னால் நாற்காலி, மகனுக்கு ஒரு அறை. நம் புள்ளி எங்கே? சிலர் துவைகல்லில் வைத்தார்கள். ஒருத்தி அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் வைத்தாள். ரொம்ப நேரம் பொடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கடைசியில் படத்துக்கு வெளியே, கிணற்றடியில் வைத்தார். அன்றைக்கு யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஊரிலிருந்து வந்த சரக்குதானே?

பாதி உண்மை. 1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊர்க் கல்லூரியில் ஜூடி சிகாகோ என்ற ஓவியர் பெண்களுக்கு மட்டுமான ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். மாணவிகள் 15 பேர். கல்லூரிக்கு வெளியே ஒரு இடத்தை வாடகைக்குப் பிடித்து, அதை அவர்களே பழுதுபார்த்துப் பட்டறை ஆக்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி மாற்றி ஒருத்தி பேசுவது, பேசியதிலிருந்து வேலையைத் தொடங்குவது என்ற முறை அங்கேதான் வகுப்பறைக்குள் வந்தது. அடுத்த ஆண்டு மிரியம் ஷாபிரோவும் அவரும் சேர்ந்து இன்னொரு கல்லூரியில் அதைத் தொடர்ந்தார்கள். 1972இல் ஹாலிவுட்டில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை மாணவிகளோடு சேர்ந்து எடுத்து, அடுப்படி, படுக்கையறை, துணி அலமாரி என்று ஒவ்வொரு மூலையையும் ஒரு கலைப்படைப்பாக்கிப் பார்வைக்குத் திறந்தார்கள். நம் கோலப்பொடி வீடும் அந்த வீடும் பங்காளிகள்தான்.

ஆனால் மிச்சப் பாதி நம் பக்கத்தில் இருக்கிறது. 1929இல் நம்பூதிரிப் பெண்களின் அடைபட்ட வாழ்வைப் பற்றி வி.டி. பட்டதிரிப்பாடு ஒரு நாடகம் எழுதினார். 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்று தலைப்பு. பெரிய சலனத்தை உண்டாக்கிய நாடகம். அதில் பெண் வேடம் போட்டவர்கள் ஆண்கள். அடுக்களையிலிருந்து தலைப்பு மட்டும்தான் அரங்கத்துக்கு வந்தது. 1948இல் நம்பூதிரிப் பெண்களே கூடி 'தொழில் கேந்திரத்திலேக்கு' என்ற நாடகத்தை உருவாக்கி, தாங்களே நடித்தார்கள். அந்தப் பெண்கள் கூடி வாழ்ந்து வேலை பார்த்த தொழில் மையம் இருந்தது லக்கிடியில், இதே பாலக்காடு மாவட்டத்தில். ஃபிரெஸ்னோவுக்கு 22 வருடம் முந்தைய கதை இது. தமிழ்ப் பக்கம் இன்னும் பின்னால் போனால் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்றால் கூட்டத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கே முதலில் நடந்தது என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. ஆனால் கலிபோர்னியாவைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு லக்கிடியைச் சொல்லத் தெரியவில்லையே என்ற வருத்தம் உண்டு.

அந்த வட்டத்தில் என்னதான் பேசுவீர்கள்?

ஒரு தலைப்பு இருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். ஒருத்தி பேசும்போது மற்றவள் குறுக்கே வரக்கூடாது, "அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்கக்கூடாது, அறிவுரையும் கூடாது. நம் ஊரில் இந்த மூன்றாவது விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பேச வராவிட்டால் சும்மா இருக்கலாம்.

ஒரு மாதத்துத் தலைப்பு 'காத்திருப்பது'. அந்த ஹாலிவுட் வீட்டில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து கிழவியாகும் வரை தான் எதற்கெல்லாம் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொண்டே போவதாக ஒரு நிகழ்வு செய்தார்கள். செய்தவர் ஃபெய்த் வைல்டிங். அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்று விட்டேன். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு. ஆளியாறு தண்ணி திறந்துவிடுவதற்கு. கேஸ் வண்டிக்கு. கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவருக்கு. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு. அவர்கள் போய்ச் சேர்ந்து போன் பண்ணுவதற்கு. மாசக் குளியலுக்கு. அது வராமல் போனபோது வருவதற்கு. தொழிலுறப்புக் கூலி பேங்கில் ஏறுவதற்கு. ஒன்றன் பின் ஒன்றாக விழ விழ அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது. யாரோ முறத்தில் தட்டினார்கள். எங்கள் முதல் நிகழ்ச்சி அதுதான். கருத்து எதுவும் சொல்லவில்லை, காத்திருந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னோம். பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் முதல் ஐந்து நிமிடம் சிரித்தார்கள்.

நாங்கள்தான் கும்மி ஆடுகிறோமே, அது போதாதா?

கும்மி நல்ல விஷயம். கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மியில் பெண்கள் ஆடுவது பழைய வழக்கமல்ல, ஆண்கள்தான் ஆடினார்கள். அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பத்ரப்பன் ஆசிரியர். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரே சீருடைச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுவதைப் பார்த்தால் எனக்கும் கால் துடிக்கும்.

ஆனால் ஆடுவது ஒன்று, சொல்வது ஒன்று. வள்ளி தினைப்புனத்தில் தனியாகக் காவல் காத்த பெண். கிழவனாக வேடமிட்டு ஒருவன் வருகிறான், யானையை விட்டு மிரட்டுகிறான். இந்தக் கதையை வள்ளி பக்கமிருந்து பாடினால் எப்படியிருக்கும் என்று கேட்டுப் பார்த்தோம். தோட்டக் காவலுக்குப் போகிற, மாங்காய்ச் சீசனில் முதலமடைப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டால் பதில் சட்டென்று வருகிறது. மெட்டு அதேதான். அடி புதிது. சாமி குத்தம் ஆகிவிடும் என்று ஒரு பெரியம்மா பயந்தார், அடுத்த கூடலுக்கு அவரே இரண்டு அடி கட்டிக்கொண்டு வந்தார்.

கோயில் கலைகளில் பெண்கள் கை வைக்கலாமா?

தோல்பாவைக்கூத்தைப் பாருங்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில், கூத்துமாடத்தில் விளக்கு வரிசையை ஏற்றி, திரைக்குப் பின்னால் பாவையை ஆட்டி ராமாயணம் சொல்வார்கள். மலையாள மண்ணில், பாடப்படுவது கம்பன் பாட்டு, தமிழ்ப் பாட்டு. அது யாருக்காக நடக்கிறது என்று அவர்கள் சொல்கிற கதையும் அழகு: ராவண வதம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் பார்க்கவில்லையாம், அவளுக்குக் காட்டத்தான் இத்தனை ராத்திரி. பார்க்கிறவள் பெண். ஆட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்கள். 2021இல் ஷொர்ணூர் பக்கம் கூனத்தறையில், ராமச்சந்திர புலவரின் மகள் ரஜிதா பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழுவைக் கொண்டுவந்தார். ராமாயணத்தோடு நிற்காமல், பெண்களின் நிலைமையைப் பற்றியே பாவைகள் செய்து ஆடினார்கள். அதே வருடம்தான் அப்பாவுக்குப் பத்மஸ்ரீ. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

எங்களிடம் மான்தோல் கிடையாது. பழைய காலண்டர் அட்டை, மூங்கில் சிம்பு, மூன்று அகல் விளக்கு, ஒரு வெள்ளை வேட்டி. அட்டைப் பாவை நன்றாகவே ஆடும். முகம் காட்டப் பயப்படுகிற பெண்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. திரைக்குப் பின்னால் இருந்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஒப்பாரி பாடச் சொல்கிறீர்களாமே? அபசகுனம் இல்லையா?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறோம், கவலைப்படாதீர்கள். சாவு வீட்டில் மட்டும் ஒரு பெண் அத்தனை பேர் முன்னிலையில் குரலெடுத்துத் தன் பிறந்த வீட்டைக் குறை சொல்லலாம், புகுந்த வீட்டைப் பழிக்கலாம், செத்தவரையே கேள்வி கேட்கலாம். யாரும் வாயை மூடு என்று சொல்ல மாட்டார்கள். அழுகிறாள் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரச் சுதந்திரத்தில் எத்தனை தலைமுறைப் பெண்கள் எத்தனை கவிதை கட்டியிருக்கிறார்கள்! எழுதி வைத்தவர் குறைவு. எங்கள் கூடலில் இரண்டு பேர் போனில் பதிவு செய்து எழுதி வருகிறார்கள், பாடியவர் சம்மதத்தோடு. பேர் போடலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். அதையும் மதிக்கிறோம்.

எல்லா வீட்டுப் பெண்களும் வருகிறார்களா? அதாவது... புரிகிறதல்லவா?

புரிகிறது. சாதியைக் கேட்கிறீர்கள். காலனியிலிருந்தும் வருகிறார்கள், தோட்டம் வைத்திருக்கிற வீடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

தொடங்கிய முதல் மாதத்தில் மாடியில் இரண்டு பாய் விரித்திருந்தோம். யாரும் சொல்லாமலே பெண்கள் இரண்டு பாயிலும் ஊரில் எப்படிப் பிரிந்து இருக்கிறார்களோ அப்படியே பிரிந்து உட்கார்ந்தார்கள். டீயைச் சிலர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில் வாங்கினார்கள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன், கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம். அது என் தவறு. மூன்றாவது வாரம் காலனிப் பெண்கள் நாலு பேர் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, "உங்க பெண்ணியத்துல எங்களுக்கு எந்தப் பாயிங்க?" என்றாள் ஒருத்தி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அடுத்த கூடலில் பாயே போடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பேர் எழுதின சீட்டைக் குலுக்கி, சீட்டு விழுந்த இடத்தில் உட்கார வைத்தோம். எல்லோருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர், கழுவுவது முறை வைத்து. இரண்டு பேர் அதோடு நின்றுவிட்டார்கள். பரவாயில்லை.

பறை வந்தபோது இது மறுபடி கிளம்பியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பல வருடங்களாகப் பறையைக் கையிலெடுத்து ஆடுகிறார்கள். அதைப் பார்த்து எங்கள் பெண்களுக்கும் ஆசை. தொடச் சில கைகள் தயங்கின. தயங்கிய கை எது, தயங்காத கை எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சரி, அதையே பேசுவோம் என்று அன்றைக்குப் பேசினோம். பெண்கள் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் போட்டு மூடிவிட முடியாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பறைதான்.

தமிழில் நடத்துகிறீர்களா, மலையாளத்திலா?

வாய்க்கு வருவதில். பாட்டும் திட்டும் தமிழில் வருகிறது, அயல்கூட்டம் (பெண்கள் சுயஉதவிக் குழு), பஞ்சாயத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் மலையாளத்தில் வருகிறது. கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியதிலிருந்து நம் பெண்கள் அயல்கூட்ட மினிட்ஸ் எழுதுகிறார்கள், சிலர் மலையாள எழுத்திலேயே தமிழ் எழுதுவார்கள். அதுவும் ஒரு கலைதான் போங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே. எங்கள் பயிற்சிகளில் ஒன்று மனு எழுதுவது. மனுவும் ஒரு எழுத்து வகைதான். "ஐயா, கும்பிடுகிறேன்" என்று ஆரம்பிக்காமல் எழுதிப் பழகவே இரண்டு கூடல் ஆனது.

கோலம் போட்டு, கும்மி தட்டி என்ன மாறிவிடும்? போராட்டம் வேறு, கலை வேறு இல்லையா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கட்சியில் இருக்கிற அண்ணன்கள் கேட்கிறார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லாத பிளாச்சிமடைக்குப் போய்ப் பாருங்கள். 2000இல் அங்கே ஒரு குளிர்பான ஆலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீர் சமைக்கவும் குடிக்கவும் ஆகாமல் போனதை முதலில் கண்டுபிடித்தவர்கள் யார்? விஞ்ஞானிகள் இல்லை. சோறு வேகாததைப் பார்த்தவர்கள், குளித்தால் உடம்பு அரிப்பதைப் பார்த்தவர்கள். அதாவது, தண்ணீர் தூக்குகிற பெண்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, இரவாளர் பழங்குடிப் பெண், பள்ளிக்கூடம் போகாதவர். பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார்.

மூணாறையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 20 சதவீதப் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெயர் 'பெம்பிளை ஒருமை', பெண்கள் ஒற்றுமை என்று அர்த்தம். அப்போது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. கொழுந்துக் கூடை சுமப்பது நாங்கள், பணப்பை சுமப்பது நீங்களா என்கிற பொருளில் அவர்கள் கட்டிய கோஷங்கள் தமிழில்தான் ஒலித்தன. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அந்தக் கோஷங்களை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கொழுந்து கிள்ளும்போது பாடிப் பழகிய வாய், எதுகை மோனை தெரிந்த வாய். அதை நான் கலை என்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கலை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. பிளாச்சிமடைக்குப் பஞ்சாயத்தும் நீதிமன்றமும் இரண்டு வருடப் பந்தலும் வேண்டியிருந்தது. ஆனால் பந்தலில் வந்து உட்கார்ந்து வாய் திறக்கிற ஒருத்தி, அதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு இடத்தில் வாய் திறந்து பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் இந்த மாடி.

தெருவில் நாடகம் போடப் பயமாக இருக்காதா? அனுமதி?

மைக் வைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பஞ்சாயத்து இடமென்றால் அங்கேயும். கோயில் திடலில் போடுவதற்கு நாங்கள் முயற்சி செய்து விட்டுவிட்டோம், அங்கே அனுமதி கொடுப்பவர் யாரென்றே கடைசிவரை தெரியவில்லை.

பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் உருவாக்கிய ஒரு முறை: ஒரு பிரச்சினையைச் சின்ன நாடகமாக, தோற்றுப்போகிற முடிவோடு நடிப்பது. இரண்டாம் முறை நடிக்கும்போது பார்க்கிறவர் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு மேடையேறி, அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று, தான் என்ன செய்திருப்பேன் என்று நடித்துக் காட்டலாம். நாங்கள் போட்டது அப்பா சொத்தில் பங்கு கேட்கப் போகும் தங்கச்சியின் கதை. 'தங்கச்சி' இடத்தில் ஏறியவர்கள் ஏழெட்டுப் பேர். அழுது பார்த்தார்கள், சட்டம் பேசிப் பார்த்தார்கள், ஒருத்தி அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். எட்டாவதாக ஒரு பாட்டி ஏறி, சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எதுவுமே பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணனாக நடித்த பெண்ணுக்கு அடுத்த வசனம் வரவில்லை.

கூடலில் யாராவது வீட்டில் அடி உதை என்று சொல்லிவிட்டால்?

சொல்கிறார்கள். வரையும்போது கை தானாக அங்கே போய்விடும். முதல் விதி: அதை நாடகமாக்க நமக்கு உரிமை கிடையாது, அவள் கேட்டால் ஒழிய. இரண்டாவது, நாங்கள் கவுன்சிலர் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண், அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் வருடச் சட்டத்தில் அவள் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப்பணி ஆணையக் குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச உதவி உண்டு. கூடப் போக எங்களில் இரண்டு பேர் தயார். போகலாமா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

போட்டோ எடுக்கலாமா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

கூடாது. ஒருமுறை பார்க்க வந்த ஒருவர் நல்லெண்ணத்தில் எடுத்துக் குரூப்பில் போட்டார். பின்னணியில் இருந்த ஒரு பெண்ணின் துணிப்படத்தில் அவள் வீட்டுக் கதவின் நிறம் தெரிந்தது. அவ்வளவு போதும் இந்த ஊருக்கு. ஆறு மாதம் அவள் வரவில்லை.

ஆண்கள் வரலாமா?

நிகழ்ச்சிக்கு வரலாம். கூடலுக்கு வேண்டாம். பாத்திரம் கழுவி வைத்தால் அதுவே பெரிய உதவி.

நம் ஊரில் பெரிய பெண் ஓவியர்களே இல்லையே, ஏன்?

இருந்தார்கள். பொன்னானிப் பக்கம் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினியின் ஓவியங்களைப் பாருங்கள். முப்பது வயதைத் தொடாமல், 1969இல், பிரசவத்தில் இறந்துபோனார். ஏன் பெரிய பெண் ஓவியர்கள் இல்லை என்பதைவிட, இருந்தவர்களுக்கு எத்தனை வருடம் கிடைத்தது என்று கேட்பது சரியாக இருக்கும். 1989இல் நியூயார்க்கில் முகமூடி போட்ட ஒரு பெண்கள் குழு அங்குள்ள பெரிய அருங்காட்சியகத்தில் எண்ணிப் பார்த்துச் சுவரொட்டி அடித்தது: நவீன ஓவியப் பகுதியில் பெண் ஓவியர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்கள். எண்ணுவது நல்ல பயிற்சி. திருவிழா ஃபிளெக்ஸில், கல்யாணப் பத்திரிகையில், அடிக்கல் நாட்டிய கல்வெட்டில் எத்தனை பெண் பெயர் என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்வோம். ஒரு பத்திரிகையில் மணப்பெண்ணின் பாட்டி பெயர் இல்லை, தாத்தா வைத்திருந்த அரிசி மில்லின் பெயர் இருந்தது.

எங்கள் ஊரிலும் தொடங்க வேண்டும். எவ்வளவு காசு ஆகும்?

காசு அதிகம் வேண்டாம். தையல்காரர் கடையில் கீழே கிடக்கும் வெட்டுத்துணி சும்மா கிடைக்கும். சிலி நாட்டில் 1973க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் மனைவிகளும் அம்மாக்களும் சாக்குத்துணியில் கந்தலை ஒட்டித் தைத்துத்தான் நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். வேண்டியது மூன்று: மாமியார்களுக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரு இடம், எல்லா வீட்டுப் பெண்களும் வரத் தோதான நேரம், தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிவறை. கடைசியாகச் சொன்னது இல்லாமல் இரண்டு இடங்களை நாங்கள் மாற்றியிருக்கிறோம்.

முதல் ஆண்டில் மேடை வேண்டாம். யாராவது வந்து பொன்னாடை போர்த்துகிறேன் என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வேறு எங்கே விடுவீர்கள்? கூட்டி வாருங்கள்.

அடுத்த கூடலுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் அம்மாவுடையதோ மாமியாருடையதோ, ஒரு பழைய சேலைத் துண்டு. கிழிந்திருந்தால் நல்லது. ஊசி இங்கே இருக்கிறது, நூல் மட்டும் அவரவர் நிறத்துக்கு. கீழே செருப்பு வைக்கிற இடத்தில் நாய் படுத்திருக்கும், ஒன்றும் செய்யாது, மேலே வந்துவிடுங்கள்.